எந்தக் குட்டி யாருடையது

ஒக்டோபர் 12, திங்கள்
காலையிலிருந்து தூறல். லூயிஷாமில் ரயில் தாமதம். ஆபிரிக்காவில் எடுத்துவந்த சிங்கப் படங்களைப் பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன என்று குறிக்கும் வேலை. இன்று ஆறு டேப். நான்கு பெண் சிங்கங்கள், அக்கா தங்கைகள். ஒன்று குட்டி போடத் தனியே போய், ஆறு வாரம் கழித்து மூன்று குட்டிகளோடு திரும்பி வருகிறது. மற்றவை எழுந்து போய் முகத்தோடு முகம் உரசுகின்றன. அந்த இடத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். வேலைக்கு அது தேவையில்லை.

தங்கை சுகிக்குப் பெண் குழந்தை, பத்து நாள். இதே நகரத்தில், குட்மேய்ஸில்தான் இருக்கிறாள். வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மாப்பிள்ளை சரியில்லை என்று ஊரெல்லாம் சொன்னவளும் நான்தான்.

13, செவ்வாய்
பால் குடிக்கும் இந்தக் குட்டி எதனுடையது என்று எடிட்டர் கேட்டார். திருப்பிப் போட்டேன். ஒரு சிங்கத்திடம் ஐந்து குட்டிகள். அதனுடையவை இரண்டுதான். தங்கையின் மூன்றும் சேர்ந்து முட்டுகின்றன. ஒரு தடவை உறுமியது. பிறகு தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டது.
வாங்க வேண்டியவை: மகனுக்கு நாப்பி, சின்ன வெங்காயம், பல்ப்.

15, வியாழன்
மத்தியானம் போன். சுகியின் புருஷன், முதன்முதலாக. "அக்கா, சுகிக்குக் கடும் காய்ச்சல். மருந்து முடியுமட்டும் பால் குடுக்க வேண்டாமாம். பிள்ளை போத்தலைத் தொடுதேயில்லை. நீங்கள் வர ஏலுமோ?"
"வாறன் தம்பி."
என் மகன் நிலவனுக்கு எட்டு மாதம், இன்னும் தாய்ப்பால். அவனையும் தூக்கிக்கொண்டு ஸ்ட்ராட்ஃபோர்டில் ரயில் மாறிப் போனேன்.
என்னைக் கண்டதும் சுகி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். குழந்தைக்கு அழுதழுது குரல் அடைத்திருந்தது. நெஞ்சோடு வைத்தேன். இரண்டு தடவை முகத்தைத் திருப்பியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. வீட்டில் விழுங்கும் சத்தம் மட்டும். தம்பி அடுப்படிக்குள் போய் அழுதார். இந்த மனிதரையா நான் அப்படிச் சொன்னேன்.

16, வெள்ளி
லீவு. மறுபடி குட்மேய்ஸ். காய்ச்சல் குறைவு. நான் குழந்தைக்குப் பால் கொடுக்க, நிலவனுக்குப் பொறாமை, ஒரே கத்தல். சுகி கையை நீட்டி அவனை வாங்கி மடியில் வைத்தாள். அவனை அவள் தூக்குவது இதுதான் முதல்.
"உன்ர மூக்குத்தான் இவனுக்கு" என்றாள்.
"நான் கல்யாணத்துக்கு வந்திருக்க வேணும், சுகி."
சுகி அவனைத் தோளில் சாய்த்தாள். அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.
"ஓம். வந்திருக்க வேணும்."
பிறகு, "நாளைக்கும் வாறியோ?"