சூட்டோடு அளந்த கார்

பஹ்ரைன்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே கார்ப் பந்தயத்துக்கு முன்பு கார்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் அணியின் காரை அளந்து எழுதுவது என் வேலை. அடித்தகடு தரையிலிருந்து இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கார் ஆறி நிற்கும்போதுதான் அளப்பார்கள். ஓடிச் சூடேறினால் தகடு தொங்கும், கார் தரையை ஒட்டி ஓடும், வேகம் கூடும். பக்கத்து அணி இப்படி ஏமாற்றுகிறது என்று எங்கள் முதலாளி ஊரைக் கூட்டிக் கத்தினார். நான் எங்கள் காரையே சூட்டோடு அளந்தேன். அதுவும் தொங்கியது. அளவுத் தாளில் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"ஏலே, உன்னைய யாரு சூட்டோட அளக்கச் சொன்னா? பெரிய தாசில்தாரு, அளக்க வந்துட்டாரு!" என்றார் சூப்பர்வைசர் தனுஷ்கோடி, நம் பக்கத்துப் பந்தல்குடிக்காரர்தான்.

அடுத்தவன் செய்தால் திருட்டு, இவர்கள் செய்தால் திறமையாம். இப்போது டயர் கழுவுகிறேன். என்னை வைத்துக்கொள்வார்களா என்று வெள்ளிக்கிழமை தெரியும். பயப்படாதே.

பருத்திக் கமிஷன் கடைத் தராசை நம்பாமல் நீ சொந்தப் படிக்கல்லைச் சுமந்து போனபோது, வெட்கப்பட்டுப் பத்தடி தள்ளி நடந்தேன். அது என் தப்பு அம்மா.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்துவிடு. கடையில் கிடைப்பதில் நம் வீட்டு வாசனை இல்லை. வேன் வந்துவிட்டது. அந்தப் படிக்கல்லைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே.

உன் மகன்
பாண்டீஸ்வரன்