கோட்டுக்குக் கீழே எத்தனை புள்ளி

சேசு மரி சூசை

வில்லியனூர்,
1-3-1974

என் பிள்ளைகளின் தகப்பனார் மரியசுந்தரம் அவர்களுக்கு ரோசம்மாள் எழுதுவது.

வாயால் சொல்லக் கூடாத பேரைக் கையால் எழுதினால் பாவமில்லை என்று பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி அம்மா சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் எழுதிவிட்டேன். நானும் பிள்ளைகள் இருவரும் சோப்புக் கொட்டகையும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். மர்சேயில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று இரண்டு கடிதமாக நீங்கள் எழுதவில்லை. அல்போன்ஸ் ஒன்பதாவதில் கணக்கில் முதல். சின்னவள் மேரிக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, தழும்பு இல்லை.

சோப்பு இந்தத் தடவை நன்றாக இறுகிவிட்டது. நீங்கள் எழுதிய அளவில்தான் காஸ்டிக் சோடாவும் தேங்காயெண்ணெயும் போட்டேன். முதலில் காய்ச்சிய இரண்டு கொப்பரையும் கூழாகப் போனதற்கு நீங்கள் என்னைத் திட்டி எழுதியது நியாயம் இல்லை. உங்கள் ஊர்க் குளிரில் இறுகுகிற நேரம் வேறு, நம் ஊர் வெயிலில் இறுகுகிற நேரம் வேறு. அதை நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

இப்போது என் தலையைத் தின்பது சோப்பு இல்லை, நீங்கள் கேட்கிற மார்க்குதான். அங்கே நீங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒவ்வொரு கட்டியிலும் முத்திரை குத்துகிறார்கள், அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள், நம் கம்பெனிக்கும் அர்த்தமுள்ள மார்க்கு ஒன்று வேண்டும், அதில் சுத்தமும் நம்பிக்கையும் குடும்பமும் தெரிய வேண்டும் என்று எழுதினீர்கள். எழுதுவது சுலபம். ஒரு சாண் சோப்பில் இத்தனையும் எப்படித் தெரியும்?

போர்டு எழுதும் சிங்காரவேலுவைக் கூப்பிட்டு வரையச் சொன்னேன். முதலில் புறா வரைந்தார். நம் பங்குக் கோயில் சாமியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, சமாதானம் என்றார், பரிசுத்த ஆவியான இஸ்பிரீத்துசாந்து என்றார். நம் வீட்டுத் துணி வெளுக்கிற இருசப்பனிடம் காட்டினேன். அவர் பதறிப்போய், "கொடியில காயற துணி மேல புறா உக்காந்தா இன்னாத்துக்கும்மா ஆவும்? மறுபடியும் நான்தான ஆத்துக்குத் தூக்கினு போவணும்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் சோப்பை வாங்கப் போகிறவர்களில் அவரும் ஒருவர். புறா பறந்துவிட்டது.

அடுத்தது சூரியன். தேர்தல் ஆரவாரம் இப்போதுதான் அடங்கியிருக்கிறது. சூரியன் போட்டால் ஒரு கட்சி, இலை போட்டால் இன்னொரு கட்சி, கதிர் போட்டால் அதற்கும் ஒரு கட்சி. பாதித் தெரு வாங்கும், மீதித் தெரு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாமரை வரைந்தால் லட்சுமி பூவாயிற்றே என்று நம் பங்குக் கோயிலில் கேள்வி வருகிறது. சிலுவை வைத்தால் அழுக்குத் துணியில் தேய்த்துக் கரைப்பதா என்று எனக்கே மனசு கேட்கவில்லை.

நீங்கள் அனுப்பிய பாரீஸ் கோபுரப் படத்தையும் சிங்காரவேலு அழகாகத்தான் வரைந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் கரண்டு கம்பம் என்றார்கள். மடுகரைக் கடைக்காரர் ஒருவர், சோப்பைத் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று கேட்டே விட்டார். நம் சோப்புக்கு அந்தக் கோபுரம் எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. உங்களுக்கு அது பழகிவிட்டது போலிருக்கிறது.

ஈஸ்டர் கழிந்து மாதா திருவிழா வருகிறது. வெளியூர் ஜனம் கூடும் நேரம், சோப்பைக் கடை வைத்து விற்கலாம். அதற்குள் முத்திரை தயாராக வேண்டும். கம்பெனி நடக்க ஆரம்பித்துவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், முதல் கட்டியில் நானே முத்திரை குத்துவேன் என்று போன வருஷம் எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் விமானம் ஏறி ஆறு வருஷம் ஆகிறது. இந்தத் திருவிழாவுக்கு வந்துவிடுங்கள். மார்க்கு எதுவானாலும் குத்துகிற கை உங்களுடையதாக இருக்கட்டும்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள் மனைவி,
ரோசம்மாள்


சேசு மரி சூசை

வில்லியனூர்,
17-3-1974

என் பிள்ளைகளின் தகப்பனார் அவர்களுக்கு,

உங்கள் சிநேகிதர் பவுல்ராஜ் விடுமுறையில் வந்திருக்கிறார். நீங்கள் கொடுத்தனுப்பிய டிரங்குப் பெட்டி வந்து சேர்ந்தது. மாதிரிக்கு வைத்த மர்சேய் சோப்பைப் பார்த்தேன். பச்சையாக, செங்கல் மாதிரி இருக்கிறது. நம் சோப்புக்கு நுரை இதைவிட அதிகம், பொய் இல்லை. கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கு என்று நீங்கள் வைத்த பழைய சட்டைகளும் கம்பளிச் சட்டையும் வந்தன. பெட்டி வாசனையில் சின்னவள் அரைமணி நேரம் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். நீங்கள் போகும்போது அவளுக்கு ஐந்து வயது.

மார்க்கு கிடைத்துவிட்டது. அதுவும் எங்கோ தேட வேண்டியதில்லை, உங்கள் சட்டைக் காலரில் போடுகிற குறியிலேயே இருந்திருக்கிறது. சொல்கிறேன்.

உங்கள் துணிகளை ஒரு தடவை வெளுத்துவிடலாம் என்று இருசப்பனை வரவழைத்தேன். அவர் வெளுத்தாலும் அழியாத சேங்கொட்டைப் பாலைக் குச்சியில் தொட்டுக் குறி போட உட்கார்ந்தார். அவர் வெளுக்கிற நாற்பது வீட்டுக்கும் நாற்பது குறி. நம் வீட்டுக் குறி படுத்த கோடு ஒன்று, அதற்குக் கீழே ஒரு புள்ளி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சேலை மூலையில் பார்க்கிறேன், என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது மார்க்குப் பைத்தியம் பிடித்திருப்பதால் கேட்டேன். "கோடு வூடும்மா, புள்ளி அடுப்பு. அண்ணன் தம்பி ஒரே வூட்ல தனி அடுப்பு வச்சா ரெண்டு புள்ளி வைப்பேன். ஒரு வூட்டுத் துணி இன்னொரு வூட்டுக்கு மாறிப் போனதா எங்கிட்ட பேச்சே கெடையாது" என்றார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. சுத்தம், நம்பிக்கை, குடும்பம் என்று நீங்கள் கேட்ட மூன்றும் அந்தக் குறியில் இருக்கிறது. கட்சி இல்லை, மதம் இல்லை. நம் பக்கத்தில் எந்தக் கிராமத்தில் காட்டினாலும் இது வெளுப்புக் குறி என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். சிங்காரவேலு வட்டத்துக்குள் வைத்து வரைந்து காட்டினார், அழகாகவே இருந்தது. துணி வெளுக்கிறவர் குறியைக் கம்பெனிக்கு வைப்பதா என்று நம் சொந்தத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் சுளித்தார்கள்.

இந்தக் கடிதத்தை இத்தோடு முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருசப்பன் உங்கள் கம்பளிச் சட்டையை உதறியபோது அதன் கைக்குள்ளிருந்து ஒரு சின்னக் காலுறை விழுந்தது. ஒற்றைக் காலுறை. வெள்ளைக் கம்பளி, ஓரத்தில் நீலம், ஒரு சாண் நீளம்கூட இல்லை. மூன்று வயதுப் பிள்ளை போடுகிற அளவு. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்த எந்த வூட்டுக் குறில சேக்கறதும்மா?" என்று கேட்டார். அவர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

பவுல்ராஜைக் கேட்டேன். அங்கே பொது இடத்தில் மெஷினில் துவைப்பார்கள், யாருடையதோ மாறி வந்திருக்கும் என்றார். காப்பியை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். நானும் அதை நம்பிவிடலாம் என்றுதான் இரண்டு நாள் பார்த்தேன். ஆனால் உங்கள் கம்பளிச் சட்டையின் முழங்கையில் கிழிசலைப் பச்சை நூலால் இழையோட்டித் தைத்திருக்கிறது. காலுறையின் குதிகாலிலும் அதே பச்சை நூல், அதே இழை. நீங்களோ பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொள்கிறவர். மெஷினில் துணி மாறலாம், தைத்த கை எப்படி மாறும்?

நான் ஒன்றும் முடிவு கட்டவில்லை. எனக்கு முடிவு கட்டத் தெரியவில்லை. ஒரு நேரம் பவுல்ராஜ் சொன்னதே சரி என்று படுகிறது, கொப்பரை அடியில் எரியும் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்வதற்குள் இல்லை என்று படுகிறது. நேற்று சோடாவை இரண்டு தடவை போட்டுவிட்டேனா, போடவே இல்லையா என்று தெரியாமல் ஒரு கொப்பரையை அப்படியே கவிழ்த்தேன்.

பித்தளை அச்சு வெட்டும் பத்தர், குறியைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறார். அதனால் உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா? அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

ரோசம்மாள்


சேசு மரி சூசை

வில்லியனூர்,
8-4-1974

பிள்ளைகளின் தகப்பனார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் வந்தது. காஸ்டிக் சோடாவை எப்படிக் கரைக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தொழிற்சாலையில் லீவு கிடைக்காததால் திருவிழாவுக்கு வர முடியாது என்று நாலு வரி. கடைசியில், புள்ளி விஷயம் உன் இஷ்டம் என்று ஒரு வரி. காலுறையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உறையைக்கூடப் பிரித்துப் பார்த்தேன்.

எத்தனை அடுப்பு எரிகிறது என்பது என் இஷ்டமா?

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. ஒரு புள்ளி வைத்தால் தெரிந்தே பொய் சொல்லி ஒவ்வொரு கட்டியாகக் குத்தி விற்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு புள்ளி வைத்தால் என் வாயாலேயே சரி என்று சொன்ன மாதிரி இருக்கிறது. புள்ளியே வேண்டாம் என்றால் அடுப்பில்லாத வீடு என்று இருசப்பன் சிரிப்பார். இந்தக் குறியே வேண்டாம், பழைய புறாவையே போட்டுவிடலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். புறாவும் கூடு கட்டித்தானே இருக்கும் என்று அதுவும் கசந்துவிட்டது.

கடைசியில் பத்தரிடம்தான் போய் நின்றேன். வைத்த புள்ளியை அப்புறம் எடுக்க முடியுமா என்று கேட்டேன். "வெட்டினத எடுக்க முடியாதும்மா, பித்தள. வேணும்னா பக்கத்துல இன்னொன்னு வெட்டலாம், எடம் இருந்தா" என்றார். எடம் இருக்கிற மாதிரி வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் நம் கம்பெனி மார்க்கில் கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு புள்ளி இருக்கிறது, ஆனால் நடுவில் இல்லை. இடது பக்கம் ஒதுங்கி இருக்கிறது. வலது பக்கம் வெறுமையாக இருக்கிறது. சிங்காரவேலு பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். இப்படிக் கோணலாக வைத்தால் தன் பேர் கெட்டுவிடும், சின்னப்பிள்ளைக்குக்கூடப் புள்ளியை நடுவில் வைக்கத் தெரியும் என்றார். இதற்கு அர்த்தம் இருக்கிறது என்று சொன்னேன். என்ன அர்த்தம் என்று கேட்டார். கம்பெனி முதலாளி வந்து சொல்வார் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் கேட்ட அர்த்தமுள்ள மார்க்கு இதுதான். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் வந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்று காலை, முத்திரை குத்துவதற்கு என்று முதல் தடவையாக ஒரு கொப்பரைச் சோப்பை அறுத்து அடுக்கினோம். நூற்றுப் பன்னிரண்டு கட்டி. முதல் கட்டியை யார் குத்துவது என்று அல்போன்ஸ் கேட்டான். அப்பாவுக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லி அந்த ஒன்றை மட்டும் குத்தாமல் மேரி அலமாரியில் எடுத்து வைத்தாள். மீதியை நான்தான் குத்தினேன். கை வலிக்கிறது.

பவுல்ராஜ் ஈஸ்டர் முடிந்து புறப்படுகிறார். அவரிடம் பத்துக் கட்டி சோப்பும் சுண்டைக்காய் வற்றலும் கொடுத்தனுப்புகிறேன். சோப்புக்கு நடுவில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். அதில் அந்தக் காலுறை இருக்கிறது. இருசப்பனிடம் போடவில்லை, நானே நம் சோப்பில் துவைத்து நிழலில் காயவைத்தேன். கம்பளி சுருங்கவில்லை. குறி எதுவும் போடவில்லை. குளிர் ஊரில் ஒற்றைக் காலுறையோடு ஒரு பிள்ளை நிற்க வேண்டாம். அது என்ன செய்தது, பாவம்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எனக்கே இன்னும் தெரியவில்லை.

சாயங்கால ஜெபத்தில் நாங்கள் ஒவ்வொருவர் பேராகச் சொல்லித்தான் வேண்டிக்கொள்வோம், உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரைப் பிள்ளைகள் சொல்வார்கள், நான் மனசுக்குள் சொல்வேன். இப்போது அதற்கு அடுத்தாற்போல் என் நாக்கு தடுக்கி நின்றுவிடுகிறது. பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள். அடுத்த கடிதத்தில் சோடா அளவு எழுத வேண்டாம். அந்தப் பிள்ளையின் பேரை மட்டும் எழுதுங்கள்.

மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

ரோசம்மாள்