பதினாறாம் நாள் கொத்திய செலரிப் பாத்தி

அச்சுவேலி,
மாசி மாதம்.

அன்பு மகன் கஜீபனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் லவீனாவும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். நெடுகப் போனிலை கதைக்கிற மனிசனுக்குக் கடிதம் என்னத்துக்கு என்று அம்மா சிரிக்கிறாள். போனில் உன் முகத்தைக் கண்டால் மழையும் வெயிலும்தான் என் வாயில் வருகிறது, சொல்ல வேண்டியது வருவதில்லை.

ஆவணியில் நீங்கள் வந்து நின்றபோது லவீனா கிணற்றடி வாழை நிழலில் செலரி விதை போட்டாள் அல்லவா. விடிய எழும்பிப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பாள். நாற்பது வருடம் வெங்காயமும் புகையிலையும் செய்த எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். மிளகாய் என்றால் எட்டாம் நாள் தலை காட்டும். பதினாறு நாளாகியும் வராதது செத்த விதை என்று தீர்மானித்து, கடற்கரைப் பிள்ளைக்குத் தோட்டம் தெரியுமோ என்று ஒரு சொல்லும் சொல்லி, அவள் பார்த்துக்கொண்டு நிற்கவே பாத்தியைக் கொத்தி வெங்காயம் நட்டேன். அவள் ஓம் மாமா என்று மட்டும் சொல்லிப் பூவாளியைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த நாள் கடற்கரைப் பக்கம் குருநகருக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் விமானம் ஏறும்வரை இங்கே திரும்பவில்லை. நீயும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்தாவது தீர்ந்திருக்கும்.

கார்த்திகையில் மிச்ச விதைப் பை அலுமாரியில் அகப்பட்டது. அதில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அயல் வீட்டுக் கஜந்தினியிடம் வாசிக்கக் கொடுத்தேன். முளைக்க மூண்டு கிழமை செல்லும் பெரியப்பா, மண்ணாலை மூடவும் கூடாதாம் என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். டொக்டர் பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னதும், உப்பில்லாத சூப்பை நான் தள்ளி வைத்ததும் கண்டுதான் அந்தப் பிள்ளை விதை வாங்கி வந்ததாம். இலையை வெட்டிப் போட்டால் உப்புக் குறைவு தெரியாதாம். முளைக்கட்டும் மாமி, பிறகு மாமாவுக்குச் சொல்லுவம் என்றாளாம். எனக்காகப் போட்ட பாத்தியை நானே கொத்தினேன் மகன். மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானைக்குள் விழுந்த கதையாகிவிட்டது என் தோட்டக்காரப் புத்தி.

மிச்ச விதையை நான் போட்டேன். மண் மூடாமல் ஈரச் சாக்கு விரித்து, தென்னோலைக் கிடுகால் நிழல் கட்டி. பத்தொன்பதாம் நாள் முளைத்தது, குனிந்து மண்ணோடு முகம் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு சிறிது. அவள் போட்ட விதையும், நான் இன்னும் மூன்று நான்கு நாள் பொறுத்திருந்தால் வந்திருக்கும். இப்போது ஆறு செடி நிற்கிறது. அம்மா நேற்று இலை வெட்டிச் சூப் வைத்தாள். ருசியாகத்தான் இருந்தது, அதைக் குடித்த பிறகுதான் இதை எழுத இருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவள் செய்கிற காரியத்தில் குறுக்கே விழுந்து புத்தி சொல்லாதே, அந்தக் குணம் என்னிடமிருந்து உனக்கும் வந்திருக்கும். இருவரும் நோய் நொடியின்றி ஒற்றுமையாக இருக்க என் ஆசீர்வாதம்.

ஒன்றை மறந்துவிடாதே. வாசித்ததும் இதை மடித்து வைக்காமல் லவீனா கையில் கொடு. நான் செய்தது பிழை, சொன்னது அதைவிடப் பிழை, பிள்ளை மன்னிக்க வேண்டும். உனக்கென்று தொடங்கினாலும் இது அவளுக்கு எழுதிய கடிதம். அவள் பெயரை மேலே போடத்தான் எனக்குத் துணிவு வரவில்லை.

இப்படிக்கு,
அப்பா
ஏரம்பு