வெள்ளைக்கோழிக்காரி

அக்கா,

நீங்கள் தைத்துக் கொடுத்த தலையணை போன வாரம் கிழிந்துவிட்டது. என் மருமகள் அதை வெயிலில் போட்டுக் குச்சியால் அடித்திருக்கிறாள். அந்தக் காலத்துத் தையல் எத்தனை அடி தாங்கும்? ஓரம் பிரிந்து பஞ்சு வாசலெல்லாம் பறந்தது. தடுக்கப் போன என் தலையிலும் அப்பிக்கொண்டது. "அசையாதீங்கத்தே, எடுத்து விடுறேன்" என்று பொறுக்க ஆரம்பித்தவள் கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டாள். "இதுல பஞ்சு எது, முடி எதுன்னு தெரியலத்தே" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டேதான் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நின்றதும் சிரிப்பு போய்விட்டது. அந்தக் கிழவியை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நீங்களும் என்னோடு நின்று பார்த்தீர்கள்.

மருமகளிடம் சொன்னால் வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்பாள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இல்லாத வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது.

அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டோம். ஓரகத்திகள் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று போடியில் சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நாளெல்லாம் நமக்குச் சண்டைதான். ஒரு சண்டையில் நான் பித்தளைச் சொம்பை விட்டெறிந்து அதன் கழுத்து நெளிந்துபோனது. நீங்கள் அதை எடுத்துத் துடைத்து, அதிலேயே எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தீர்கள். "கத்துனதுல தொண்ட காஞ்சிருக்கும், குடிடி" என்றீர்கள். உங்களோடு முழுசாகச் சண்டைபோடக்கூட விடமாட்டீர்கள்.

அந்தக் கிழவியை நாம் பார்த்த அன்று சித்திரை வெயில். இலவங்காய் உடைக்கிற காலம். நம் கண்மாய் கோடையில் வற்றிவிடும். அந்த வருஷம் மட்டும் தண்ணீர் கிடந்தது. கரையை ஒட்டிய நம் வீட்டு வாசல் முழுக்கக் காய், ஓடு, பஞ்சு. வலையைக் கட்டி அதற்குள் உட்கார்ந்து வேலையாட்கள் விதையைத் தட்டி எடுக்க, நாம் இரண்டு பேரும் சமையலுக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தோம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆயில் எஞ்சின் காலையிலிருந்து ஓடியது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசவேண்டும். ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட நீங்கள் சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பீர்கள்.

இதற்கு நடுவே தலையணை வேறு. மறுநாள் விடியற்காலை ஜீப்பில் நீங்கள் போடிமெட்டுக்கு மேலே போவதாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. "மலைக்குளிருல கல்லுல தல வச்சுக் கெடக்காரு மனுசன்" என்று புதுப்பஞ்சை அடைத்து அவருக்கு ஒரு தலையணை தைத்தீர்கள். மிச்சத்தில் எனக்கு ஒன்று.

உச்சிப்பொழுது. ஆட்கள் சாப்பிட்டுவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்கள். நாம் மட்டும் வாசலில் நின்றோம். ஒரு இலை அசையவில்லை. நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள்.

"ஏ புள்ள, அங்கிட்டுப் பாரு. எதிர்க்கரையில ஒரு கெழவி நிக்கிறா."

புங்கமரத்தடியில் நின்றாள். தலை முழுக்க வெள்ளை. கையில் வெள்ளையாக எதையோ தொங்கவிட்டிருந்தாள்.

"வெள்ளக்கோழிடி. தலகீழாப் புடிச்சிருக்கா. விக்க வந்தவ போல" என்றீர்கள். அவள் அதை ஆட்ட ஆட்ட இறகு பறந்தது. "அடிப்பாவி, உசுரோட ரெக்கையப் பிய்க்கிறாளா?"

அவள் கோழியைப் பார்க்கவில்லை, நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வீசினாள். வாய் திறந்து திறந்து மூடியது. எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் தட்டை எடுத்து அடித்து, வா என்று கையைக் காட்டினீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உச்சி நேரத்துல ஆரையும் கூப்புடாதீங்கக்கா. மனுசியோ என்னவோ."

"என்னவா இருந்தாத்தான் என்ன? அதுக்கும் வெயிலு சுடும்ல? ஒரு சொம்பு நீச்சத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். என்னமோ சொல்றா, இரு, எஞ்சின நிப்பாட்டிட்டு வர்றேன்."

நீங்கள் போய் நிறுத்தினீர்கள். சட்டென்று எல்லாம் அமைதியானது. தண்ணீருக்கு மேலே ஒரே ஒரு சொல் வந்தது.

"அக்கா."

அவ்வளவுதான். பிறகு மரத்தடியில் ஆளைக் காணோம். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அந்தக் கெழவிக்கு நான் அக்காவாம்ல" என்று பொழுதுசாயும் வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னீர்கள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை உங்களுக்கு. நான் எஞ்சினைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தபோது, நெளிந்த சொம்பில் நீச்சத்தண்ணீர் ஊற்றி, உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு, கரையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய்விட்டீர்கள். வெறுங்கையோடு திரும்பினீர்கள்.

"ஆருமில்லடி. கோழி ரெக்கையும் இல்ல, பஞ்சுதான் கெடக்கு. நம்ம பஞ்சு காத்துல அங்க வரைக்கும் போயிருக்கு. சொம்ப மரத்தடியில வச்சிட்டு வந்திருக்கேன், வந்தா குடிக்கட்டும். பாவம், தாகத்தோட போயிட்டாளே."

அன்று காற்றே அடிக்கவில்லை அக்கா. நான் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் சிரித்திருப்பீர்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சொம்பும் இல்லை. "பித்தளச் சொம்ப எவளுக்கோ தானம் பண்ணிட்டா மகராசி" என்று நம் மாமியார் உங்களை வைது தீர்த்தார்.

மறுநாள் விடியற்காலையில் உங்கள் வீட்டுக்காரரின் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினீர்கள். போடிமெட்டுக்குப் பக்கத்துக் கொண்டைஊசி வளைவில் ஜீப்பு உருண்டது. உங்களைத் தூக்கப் போனவர்கள் சொன்னார்கள், சரிவில் செடிகொடியெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததாம், பஞ்சு. அதைக் கேட்டு நான் அழவில்லை. உங்கள்மேல் கோபம்தான் வந்தது. ஒரு தலையணைக்காக மலையேறிப் போன உங்களை என்ன செய்தால் தகும் என்று கோபம்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். இந்த வருஷமும் கண்மாயில் தண்ணீர் வற்றவில்லை. எதிர்க்கரையில் மெத்தை தைக்கிறவர் ஒருவர் கடை போட்டிருக்கிறார். அவரிடம் கொடுக்கலாம் என்று கிழிந்த தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "வெயில் தாழப் போங்கத்தே" என்றாள் மருமகள். நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? போனால் கடை பூட்டியிருந்தது, சாப்பிடப் போய்விட்டார். நிழலுக்காகப் புங்கமரத்தடியில் ஒதுங்கினேன். அப்போதுதான் ஆயில் எஞ்சின் சத்தம் கேட்டது.

நம் எஞ்சினை எடைக்குப் போட்டு எத்தனையோ காலமாகிறது. இப்போது கரண்டு மோட்டார்தான், முனகல்கூட வெளியே வராது. இலவமரங்களை வெட்டி அந்த இடத்தையும் விற்றாகிவிட்டது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வாசல் வெள்ளையாக இருந்தது. வலை கட்டியிருந்தது. இரண்டு பெண்கள் நின்றார்கள்.

நீங்கள் தட்டை அடித்தீர்கள். பக்கத்தில் நின்ற சின்னவள் உங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளை அறையலாம்போல் வந்தது எனக்கு.

கத்தினேன். "நாளைக்கு ஜீப்புல ஏறாதீங்க, போகாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கையிலிருந்த தலையணையைத் தூக்கி ஆட்டினேன். பிரிந்த ஓரத்திலிருந்து பஞ்சு கொட்டியது. நீங்கள் வா வா என்று கையைக் காட்டினீர்கள். பிறகு எஞ்சினை நிறுத்த நடந்தீர்கள்.

என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். அது நின்றதும் ஒரு சொல்தான் போய்ச் சேரும். அந்தச் சொல் ஜீப்பு என்று இருக்கவேண்டும், வேறு எதையும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் நின்றது. நீங்கள் நெற்றியில் கையை வைத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். என் மகளாக இருக்கக்கூடிய வயதில் நின்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வாயில் வேறென்ன வரும்?

"அக்கா" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எங்கள் வீடு. வாசலில் மகனுடைய கார் நின்றது. கொடியில் பேரனின் சட்டை காய்ந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போக மனசில்லை. கரையைச் சுற்றி நீங்கள் வருவீர்கள் என்று தெரியும், வந்தீர்களே அன்று. வந்தால் நேருக்குநேர் சொல்லிவிடலாம் என்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. உங்களுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும், நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே நின்று தேடிவிட்டுத்தான் திரும்பி வந்து ஆருமில்லடி என்றீர்கள்.

எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். வேருக்குப் பக்கத்தில் சில்லென்று ஏதோ பட்டது.

சொம்பு. கழுத்து நெளிந்த சொம்பு. நிறைய நீச்சத்தண்ணீர், வெங்காயம் மிதந்தது.

தலையணையை மெத்தைக்காரரிடம் கொடுக்கவில்லை. அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். சொம்பு என் தலைமாட்டில் இருக்கிறது. "இது ஏதுத்தே?" என்று மருமகள் கேட்டாள். "எங்கக்கா குடுத்தாங்க" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் சொல்ல வந்தது உங்களுக்குக் கேட்கவில்லை. அதை இன்னும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், என்னோடுதான் போகும். ஆனால் கிழவி தாகத்தோடு போய்விட்டாளே என்று அன்று விசாரப்பட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். குடிச்சிட்டேன்க்கா. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல.