அண்ணியின் இருபது வாக்கியங்கள்

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணனுக்கு முழங்கால் வலி. மற்றபடி குறையில்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுகிறவள் மூன்றாவதும் எழுதுகிறேன் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய்.

இந்த இங்கிலீஷ்கார ஊர் ஆஸ்பத்திரியில், மருந்துச் சந்தேகம் கேட்கிறவர்களுக்கான தொலைபேசியில் பதினோரு வருஷமாக நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வேளை மாத்திரை மறந்துபோச்சு, இப்போ சேர்த்துப் போடலாமா என்று கேட்பார்கள். சொல்வேன். போன மாதம் ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். தப்பாகச் சொன்னேன் என்றில்லை. என் இங்கிலீஷ் உச்சரிப்பு அந்நியமாக இருக்கிறதாம். என்னைத் தொலைபேசியிலிருந்து எடுத்து மருந்துக் கிடங்கில் போடலாமா என்று ஆகஸ்டில் ஒரு குழு முடிவு செய்யப்போகிறது. கிடங்கில் ஜன்னல்கூடக் கிடையாது. அதைவிட, பேச ஆளே கிடையாது.

எங்கள் தலைமை மருந்தாளுநர் நல்ல மனிதர். உச்சரிப்பு விஷயம் தெரிந்த யாராவது எழுதிக் கொடுத்தால் குழுவில் பேசிப் பார்ப்பதாகச் சொல்கிறார். உன் அண்ணன், "அவகிட்ட கேளேன். ஒரு வார்த்தை பேசினா போதும், நாக்கு எங்க தட்டுச்சுன்னு சொல்லிடுவா" என்கிறார். எனக்குப் பயமே அதுதான்.

கேட்கலாமா?

உன் அண்ணி

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்கலாம். ஆனால் நான் எழுதிக் கொடுத்தால் செல்லாது. நாத்தனார் தரும் சான்றிதழை எந்தக் குழுவும் குப்பையில் போடும், போடவும் வேண்டும். அதனால் ஒரு சோதனை செய்வோம். உங்களைத் தெரியாத என் சக பேராசிரியை அதை நடத்தி, அவரே கையெழுத்திடுவார். முடிவு உங்களுக்கு எதிராக வந்தாலும் மாற்ற மாட்டோம். இதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

நோயாளிகளிடம் சொல்வது போன்ற இருபது வாக்கியங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஆங்கிலம் தாய்மொழி என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அவரும் படிக்கட்டும். கேட்பவர்கள் முப்பது பேர். பாதிப் பேருக்கு அதுவே தாய்மொழி. காதில் விழுந்ததை அப்படியே எழுதுவார்கள். பிறகு, பேச்சு எவ்வளவு அந்நியமாகக் கேட்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். பேச்சு புரிவதும் அந்நியமாகக் கேட்காததும் ஒன்றென்று உலகம் நினைக்கிறது. ஒன்றல்ல என்பதுதான் எங்கள் ஒலியியல் துறை சேர்த்துவைத்திருக்கும் சொற்பச் சொத்து.

அண்ணனைப் படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கேட்டவர்கள் உங்கள் சொற்களில் நூற்றுக்கு எழுபத்தொன்றைத்தான் சரியாக எழுதியிருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொண்ணூற்று மூன்று.

பதிவைப் பிறகு நானும் கேட்டேன். அது யாருடைய குரல்? நாக்கைச் சுருட்டுகிறீர்கள், சொல்லின் கடைசியை விழுங்குகிறீர்கள், பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்குகிறது. இரவல் செருப்பில் நடப்பது போல இருக்கிறது. வேலையில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே இன்னொரு முறை பேசி அனுப்புங்கள். குழு அறிய வேண்டியது அந்தப் பேச்சைத்தான். முதல் முடிவையும் அறிக்கையில் மறைக்க மாட்டோம்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 12

சின்னவளுக்கு,

அது இங்கே உச்சரிப்பு சொல்லித்தரும் மாலை வகுப்பில் நாற்பது வாரம் கற்றுக்கொண்ட குரல். வாத்தியார் உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடிப்பார். இங்கிலீஷ் 'ப' சொன்னால் மூச்சில் தாள் பறக்க வேண்டும். எல்லாருக்கும் பறந்தது. என் தாள் அசையவே இல்லை. "உங்க தாளுக்கு மட்டும் ஆணி அடிச்சிருக்கா?" என்றார்.

உனக்காகத்தான் அந்தக் குரலில் படித்தேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் கூடத்தில் தொலைபேசி அடித்து நான் இங்கிலீஷில் பேசினேன். காலேஜில் படித்துக்கொண்டிருந்த நீ மூலையில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு வாரம் கழித்து மேஜை துடைக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். குறிகள் ஒன்றும் புரியவில்லை. தலைப்பு புரிந்தது: 'பிழைகள்'. கீழே சிவப்பு மையில், வகுப்பில் முதல் மதிப்பெண் என்று எழுதியிருந்தது. உன் தோழிகள் வந்தபோது ஒருத்தி, "ஏய், இவங்கதானா அது?" என்று சிரித்ததும் என் காதில் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை, உன் அண்ணனிடம்கூட.

இப்போது அதே இங்கிலீஷை உனக்கே அனுப்பச் சொல்கிறாய். நோயாளியிடம் பேசும்போது அதுதான் வருகிறது. அவசரத்தில் வகுப்புக் குரல் வருவதில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி

ஜூலை 29

அன்புள்ள அண்ணிக்கு,

தொண்ணூற்றாறு.

இந்த முறை கேட்டவர்கள் வேறு முப்பது பேர். ஒருவர்கூட உங்களை அந்த ஊரில் பிறந்தவர் என்று நினைக்கவில்லை. அந்நியமாகக் கேட்பதில் ஏறக்குறைய உச்ச மதிப்பெண் உங்களுக்குத்தான். ஆனாலும் பக்கத்து இருக்கைக்காரரைவிட மூன்று கூட. என் சக பேராசிரியை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

எனக்கு எதையும் எளிதில் நம்பிப் பழக்கமில்லை. மூன்று நாள் அந்தப் பதிவோடு உட்கார்ந்தேன். உங்கள் 'ப'வில் இன்னும் மூச்சு வரவில்லை. அசைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். ஆனால் எத்தனை மாத்திரை, எத்தனை மணி என்று எண் வரும் இடத்திலெல்லாம் அதற்கு முன்னால் கால் விநாடி நிற்கிறீர்கள், கேட்பவர் பேனாவை எடுத்துக்கொள்ளட்டும் என்பது போல. மருந்தின் பெயருக்குக் குரல் ஒரு படி இறங்குகிறது. மற்றவர் விழுங்கிவிடும் அசைகளை நீங்கள் ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கிறீர்கள். பாடத்தில் சொல்லித் தருவதில்லை இதையெல்லாம். பதினோரு வருடம் மறுமுனையில் இருப்பவரைக் காது கொடுத்துக் கேட்டவருக்கே வரும். இருபத்தாறு வருடமாக ஒலியியலோடு இருக்கும் எனக்கு இப்படிப் பேச வராது.

அந்த நோட்டு. ஆமாம், முதல் மதிப்பெண். நான் குறித்த ஒலிகள் எல்லாம் சரி. தலைப்பு தவறு. அதைவிடப் பெரிய தவறு, வீட்டுக்குப் புதிதாக வந்தவரின் பேச்சை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டுபோய் வகுப்பில் வைத்தது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படி நினைக்க வசதியாக இருந்தது.

மன்னியுங்கள்.

சின்னவள்

ஆகஸ்ட் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

குழு கூடியது. தலைமை மருந்தாளுநர் அறிக்கையை முழுவதும் வாசித்தார், எழுபத்தொன்றையும் சேர்த்து. பிறகு இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினார். முதல் பதிவு முடிவதற்குள் ஒரு அம்மா, "போதும், அடுத்ததப் போடுங்க" என்றுவிட்டார். நான் தொலைபேசியிலேயே இருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர்தான் பாவம். "என் சொந்த மொழியில மூணு மார்க்ல தோத்துட்டேன், வீட்டுல சொல்லிடாதீங்க" என்கிறார். எண் சொல்வதற்கு முன்னால் இப்போது அவரும் நிற்கிறார். கால் விநாடி இல்லை, அந்த இடைவெளியில் ஒரு பஸ் போகலாம்.

நீ கேட்ட மன்னிப்புக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இருபத்தாறு வருஷக் கோபம் ஒரு கடிதத்தில் இறங்குமா? பாதி இறங்கியிருக்கிறது. மீதியை நேரில்தான் திட்டித் தீர்க்க வேண்டும். டிசம்பர் விடுமுறைக்குக் கிளம்பி வா.

நேற்றே மாடி அறையை ஒழித்து, பெட்டிகளையெல்லாம் கீழே இறக்கி, புது விரிப்பு போட்டுவிட்டேன். உன் அண்ணன் கீழே நின்றபடி, "யாருக்கு இவ்ளோ தடபுடல்? என் தங்கச்சிக்கா?" என்று கேட்டார்.

"உங்க தங்கச்சிக்கு யாரு பண்ணா? என் நாத்தனார் வரா" என்றேன்.

உன் அண்ணி