மழையில்லாத மாதத்து ஆறு

6.3.97, வியாழன்
வெயில். தலைவலி. பெங்களூர் தொம்மலூரில் காலையிலிருந்து கரண்ட் இல்லை.

ஆற்று அறிக்கை முக்கால்வாசி முடிந்தது. மூன்று மாதமாகச் சொட்டு மழையில்லை, ஆனாலும் ஆறு ஓடுகிறது. அப்படியானால் ஓடுவது நிலத்திலிருந்து ஊறி வரும் தண்ணீர். அது எவ்வளவு என்பதுதான் என் கணக்கு. இரண்டு வருட வேலை.

ஒரே தொல்லை முனியம்மா. பாலத்தடியில் அளவுகோல் பார்த்து எழுதும் தினக்கூலி. காலை ஆறுக்கு ஒரு மட்டம், பத்துக்கு ஒரு சாண் அதிகம், சாயங்காலம் ஆறுக்குப் பழையபடி, அநேகமாக தினமும். ஊற்றுத் தண்ணீர் அப்படியா ஏறி இறங்கும்? வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதுகிறாள். வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி சீஃப் இன்ஜினியரிடம் குறிப்பு கொடுத்துவிட்டேன்.

வாங்க: பல்பு, தைலம், தயிர்.

7.3, வெள்ளி
கோவையில் மகள் வீட்டிலிருந்து சுசீலா போன். பேத்திக்குப் பல் முளைத்ததாம்.
"எப்ப வர்ற?" என்றேன்.
"பாக்கலாம்."
போன வருடமும் இதே பாக்கலாம். ரசம் வைத்தேன். உப்பு அதிகம். திட்டக்கூட பெண்டாட்டி பக்கத்தில் இல்லை.

9.3, ஞாயிறு
கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று முதல் பஸ்ஸில் பாலத்துக்கு. எனக்கு முன்னால் முனியம்மா. முழங்கால் வரை சேறு.

ஆறு மணி மட்டம் அவள் எழுதியபடியே. எட்டாயிற்று, ஒன்பதாயிற்று, அசையவில்லை. பத்துக்கும் அப்படியே.
"பாத்தியா, ஏறலையே?" என்றேன்.
"நாயித்துக்கெழம லேட்டாத்தான் சார் ஏறும். ஊரே லேட்டாத்தான குளிக்கும்?"

பதினொன்றரைக்கு ஏறியது. மேலே வெள்ளை வெள்ளையாக சோப்பு நுரை. இரண்டு வருடமாக ஊற்று என்று நான் கணக்குப் போட்டது பெங்களூர் குளித்துவிட்ட தண்ணீர். ஆபீஸ் மேஜையை விட்டு ஒருநாள் எழுந்து வந்திருந்தால் மூக்கே சொல்லியிருக்கும். மடையன் நான்.
"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"
"நம்பர் மட்டும் எழுதுன்னாங்க சார்."

இட்லி கொடுத்தாள். "லீவு நாள்ல வந்திருக்கீங்களே, வூட்ல தேட மாட்டாங்களா?"
இல்லை என்றேன். நான்கு இட்லி தின்றேன். யாரோடாவது சேர்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

11.3, செவ்வாய்
இந்த அறிக்கையை நம்பித்தான் ஆற்றோரம் புது வீட்டுமனை லேஅவுட்டுக்கு வரிசையாக போர்வெல் போடப்போகிறார்கள். சீஃப்பிடம் போய், கணக்கு தப்பு, நிலத்தடியிலிருந்து வருவது அநேகமாக ஒன்றுமில்லை என்றேன்.
"பேட ரீ, வேண்டாம்! மழையில்லாத மாசம் ஓடறது ஊத்துத் தண்ணின்னு புக்லயே இருக்கு. மார்ச்சுக்குள்ள கையெழுத்துப் போடுங்க."
போடமாட்டேன் என்றேன். முனியம்மா மேல் எழுதிய குறிப்பைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன்.

14.3, வெள்ளி
ஆர்டர் வந்துவிட்டது. அறிக்கை இல்லாததால் ஆய்வு ரத்து. பாலத்தடி வேலையும் இன்றோடு சரி. பொய் எழுதுகிறாள் என்று அவள் வேலையை எடுக்கப் பார்த்தேன். உண்மை எழுதினாள் என்று தெரிந்ததும் போய்விட்டது.

பியூன் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்று சாயங்காலம் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் வார்த்தை தேடினேன்.
"வாங்க சார்! இருங்க, ஆறு மணி ரீடிங் பாத்துட்டு வந்துர்றேன்." புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கீழேயிருந்து நம்பரைக் கூவினாள். காதில் சரியாக விழுந்ததா என்று இன்னொரு தரம் கூவினாள்.

எழுதிக்கொண்டேன். இன்னும் சொல்லவில்லை.