லண்டனிலிருந்து கெலிஓயாவுக்கு ஐந்தே நாள்

நானா,

இன்று கண்டித் தபாற் கந்தோரில் எனக்கு முன்னால் நின்ற துரை, தன் கடிதத்தில் ஆகாயத் தபாலுக்கான நீலச் சீட்டை நாக்கில் தடவி ஒட்டினார். அந்தப் பசை வாசம் மூக்கில் ஏறியதும் என் கடிதத்தைப் போடாமலே திரும்பி வந்துவிட்டேன். இதை உங்களுக்கு எழுதுகிறேன். இதற்கு முத்திரை வேண்டாம்.

உங்கள் மகன் லண்டனில் பாரிஸ்டர் படிப்பைப் பாதியில் விட்டபோது, "இனி என்ட படிய மிதிக்காதே" என்று எழுதச் சொன்னீர்கள். எழுதியவன் உங்கள் தம்பி நான். கூடவே சேர்த்த இரண்டு வசவும் என் சொந்தச் சரக்கு. அவன் அதற்குப் பதிலே போடவில்லை.

பிறகு உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயா வீட்டில் படுத்தபடியே அவனுக்குத் தந்தி அடிக்கச் சொன்னீர்கள். விமானத்தில் புறப்படுகிறேன் என்று மறுதந்தி வந்தது.

"அவனுக்குச் சொல்ல ஒரு விஷயம் ஈக்கி" என்றீர்கள்.

"இப்பவே சொல்லுங்க நானா, எழுதி வைக்கிறன்."

"வேணாம். உன்ட கைல பட்டா என்ட பேச்சு வேற பேச்சாப் போவுது. மொகத்தப் பார்த்துச் சொல்றன். எத்தின நாள் எடுக்கும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் என் வாயில் வந்து பழக்கமில்லை. என் மகளின் பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகத்தை விரித்தேன். உங்கள் சாரத்தின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்து, லண்டனில் ஒரு முனையும் கண்டியில் மறுமுனையும் வைத்து அளந்தேன். ஐயாயிரத்துச் சொச்சம் மைல். விமானத்துக்கு மணிக்கு நூறு மைல். மூன்று நாள்கூட இல்லை. இளைப்பாற இரண்டு நாள் தாராளமாகக் கூட்டி, "அஞ்சே நாள்" என்றேன்.

ஐந்தாம் நாள் நாவிதனைக் கூப்பிட்டுத் தாடியை ஒதுக்கிக்கொண்டீர்கள். கட்டிலை ஜன்னலோரம் தள்ளச் சொன்னீர்கள். ஆறாம் நாள் நான் எதிர்காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு, மறுபடி பேனாவை எடுத்தேன்.

"அஞ்சு நாள் பொறுத்தவன், இன்னம் ஒரு நாள் பொறுக்க மாட்டனா? மூடு அத" என்றீர்கள்.

ஏழாம் நாள் பேச்சு நின்றது. எட்டாம் நாள் விடியலில் சுபஹுத் தொழுகையோடு நீங்களும் போய்விட்டீர்கள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டோம். நம்மில் மையித்தை யாருக்காகவும் காக்கவைப்பதில்லையே.

அவன் வந்தது பதின்மூன்றாம் நாள். விமானம் பொழுது சாய்ந்தால் இறங்கிவிடுமாம். பயணிகள் ஊர் ஊராகத் தங்கி உறங்குவார்களாம். மணற்காற்றில் ஒரு நாள் முழுக்கப் பாலைவனத்தில் கிடந்தார்களாம். கராச்சியோடு அவன் விமானப் பயணம் முடிந்துவிட்டது. அப்புறம் தனுஷ்கோடிவரை ரயில், கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில். நானோ விமானத்தைத் தபால் ரயில்போல இரவு பகலாக ஓட்டி, கெலிஓயா வாசலில் இறக்கியிருந்தேன்.

கபுறடியில் நின்று கேட்டான்: "வாப்பா எனக்கு ஏதும் சொன்னாரா சாச்சா?"

நானா, அப்போதும் எனக்குத் தெரியாது என்று வரவில்லை. "ஒன்ன மன்னிச்சிட்டாராம். சொல்லச் சொன்னாரு" என்றேன். அவன் என் தோளில் விழுந்து அழுதான்.

நீங்கள் சொல்ல நினைத்தது அதுதானா, அதற்கு நேர்மாறா? ஒவ்வொரு பெருநாளும் தொழுகை முடிந்ததும் அவன் முதலில் என்னைத் தேடி வந்து, வாப்பாவின் வார்த்தையைக் கொண்டுவந்த கை என்று சொல்லி இந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.